ஏழாவது குடை யாருடையது?

அத்தியாயம் 3

பல் வைத்தியர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடியே உள்ளே நுழைந்தார். பார்வை இல்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்த மோப்பம் எழுந்து போய்க் கை கொடுத்தான். வைத்தியர் அந்தக் கையைப் பற்றி, தொழில் பழக்கத்தில், ஆள்காட்டி விரலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை என்று தெரிந்ததும் திருப்தியோடு விட்டுவிட்டார்.

மோப்பம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சின்ன வயதில் பிடித்த ஒரு ஜலதோஷம் போகும்போது மூக்கின் சக்தியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவனுக்கு ரோஜாவும் மண்ணெண்ணெயும் ஒன்று. கூடப் படித்தவர்கள் கேலியாக மோப்பம் என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத் துப்பறிவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லாமல் போனது.

அவனுடைய துப்பறியும் நிறுவனம் என்பது அண்ணியின் டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்பாதி. முன்பாதியில் சாலைக் குறிகள் வரைந்த பலகைகள், வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் ஒன்று, பிரேக் எது கிளட்ச் எது என்று காட்ட மூன்று பெடல்கள். பின்பாதியில் ஒரு மேஜையும் மோப்பமும். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனபின் தம்பியை மேய்க்கும் பொறுப்பு அண்ணி தலையில் விழுந்தது. வண்டி அவளுடையது என்பதால் உதவியாளரும் அவளே.

"முதல்ல ஒண்ணு!" வைத்தியர் கத்தினார். காது அடைத்தவர்கள் உலகமே செவிடு என்று நினைத்துக்கொள்வார்கள். "நீங்க 'ஏழாவது குடை' பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா வாயைத் திறக்காதீங்க. பாக்கலைன்னா தலையை மட்டும் ஆட்டுங்க. நான் கண்ணைத் திறக்க மாட்டேன்!"

"கண்ணைத் திறக்காம தலையாட்டறதை எப்படிய்யா பாப்பே?" என்றாள் அண்ணி. அது வைத்தியருக்குக் கேட்கவில்லை. அவள் வைத்தியரின் கையைத் தூக்கி மோப்பத்தின் உச்சந்தலையில் வைத்து, அவன் தலையை இடமும் வலமுமாக நன்றாக ஆட்டிக் காட்டினாள். கொஞ்சம் தேவைக்கு மேலேயே ஆட்டினாள்.

வைத்தியர் பெருமூச்சு விட்டார். இடது காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நீங்க எந்தப் படமும் பாக்கறதில்லைன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

"டிக்கெட் எடுத்து இருட்டுல உக்காந்து அடுத்தவன் அழறதைப் பாக்கணுமா? எனக்கு அது வேலை நேரத்துலயே கிடைக்குது," என்றான் மோப்பம். "என்ன விஷயம் சொல்லுங்க டாக்டர்."

வைத்தியர் சொன்னார்.

'ஏழாவது குடை' ஒரு பழைய ஹாலிவுட் படம். கறுப்பு வெள்ளை. மலை மேல் ஒரு மாளிகை, கொட்டும் மழை, ஆறு விருந்தாளிகள். மாளிகைக்காரர் மாடியில் கொலையாகிக் கிடக்கிறார். வாசலில் குடை மாட்டும் இடத்தில் ஏழு குடைகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. வந்தவர்கள் ஆறு பேர், குடை ஏழு. ஏழாவது குடை யாருடையதோ அவர்தான் கொலைகாரர். வைத்தியர் கல்லூரியில் படிக்கும்போது அந்தப் படத்துக்குப் போனார். கடைசிக் காட்சியில் வெளியிலும் மழை பிடித்துக்கொண்டது. தியேட்டர் கூரை சல்லடை. தலையில் தண்ணீர் விழுந்ததும் முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் குடையை விரித்துவிட்டார்கள். வசனத்தை இடி விழுங்கியது, திரையைக் குடைகள் விழுங்கின. விளக்குப் போட்டபோது படம் முடிந்திருந்தது.

"அப்புறம் போய்ப் பாத்திருக்கலாமே?" என்றாள் அண்ணி.

"பாத்திருக்கலாம். அடுத்த வாரமே பாத்திருக்கலாம். ஆனா அந்த ஒரு வாரம் ராத்திரி பகலா யோசிச்சேன் பாருங்க, அந்த மாதிரி சுகத்தை நான் அனுபவிச்சதே இல்லைம்மா. இந்த உலகத்துல எல்லாத்துக்கும் முடிவு தெரிஞ்சுபோகுது. ஒண்ணே ஒண்ணாவது தெரியாம இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

விட்டவர் சும்மா விடவில்லை. 'கறுப்பு வெள்ளை ரசிகர் வட்டம்' என்று இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தார். பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி ரசிகர்கள் கருத்துச் சொல்ல ஒரு இடம். அட்மின் அவர். தவிர ஐந்து பேர்: பால்கனி, முதல் வரிசை, ரீல் பெட்டி, இடைவேளை, ஒன்ஸ்மோர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. வாரா வாரம் வைத்தியர் ஏழாவது குடையைப் பற்றிப் புதிதாக ஒரு ஊகம் எழுதுவார். ஐந்து பேரும், "நாங்கள் முடிவைப் பார்த்தவர்கள், ஆனால் சொல்ல மாட்டோம்" என்று மர்மமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் குழு ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஆறாவதாக ஒரு ஆசாமி வந்து சேர்ந்தான். பெயர் 'முற்றும்'. நேற்று அவன் குழுவில் போட்ட செய்தியை மோப்பம் வைத்தியரின் போனில் படித்தான்.

"நாளை சாயங்காலம் ஏழு மணிக்கு, ஏழாவது குடை யாருடையது என்று இங்கே போடப்போகிறேன். தடுக்க முடிந்தால் தடுத்துப் பாருங்கள்."

"அவனைக் குழுவை விட்டுத் தூக்கிட வேண்டியதுதானே?" என்றாள் அண்ணி.

"தூக்கினா வேற பேர்ல வருவான். என் நம்பருக்கே அனுப்புவான். கிளினிக் கதவுல எழுதிட்டுப் போவான். நேத்துலேர்ந்து நான் பேப்பர் படிக்கலை, போர்டு படிக்கலை, யாரு பேசினாலும் கேக்கலை. நேத்து ஒருத்தருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன். அவர் 'இது இல்லை, இது இல்லை'ன்னு கத்தியிருக்கார். கொலைகாரன் யாருன்னு சொல்றாரோன்னு பயந்து நான் இன்னும் வேகமாப் பிடுங்கிட்டேன்." வைத்தியரின் திறந்திருந்த ஒற்றைக் கண்ணில் நீர் நின்றது. "எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு கேள்விதான் சார். அதைப் பறிச்சிட்டாங்கன்னா, மிச்ச நாளெல்லாம் நான் வெறும் பல் டாக்டர்."

பஞ்சை மறுபடி காதில் திணித்துக்கொண்டு, நீதிபதி ஒருவருக்குப் பல் பார்க்க வேண்டும் என்று கத்திவிட்டு, போனை மோப்பத்திடம் விட்டுவிட்டுச் சுவரைத் தடவியபடியே போனார். போகிற வழியில் பெடல் பலகையில் இடித்து, பிரேக்கிடம் மன்னிப்புக் கேட்டார்.

"கொழுந்தனாரே," என்றாள் அண்ணி, "ஒரு படத்தோட முடிவைச் சொல்லிடுவேன்னு மிரட்டினா அதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடுவாங்க?"

"சட்டம் கிடக்கட்டும் அண்ணி. இதுல விசித்திரம் என்னன்னு பாத்தீங்களா? மிரட்டறவன் ஒண்ணுமே கேக்கலை. பணம் வேண்டாம், அட்மின் பதவி வேண்டாம். 'தடுத்துப் பாருங்க'ன்னு மட்டும் சொல்றான். ஒண்ணும் கேக்காம மிரட்டறவன் மிரட்டலை. தூண்டில் போடறான்."

"மீன் யாரு?"

"அதுக்கு நாமளும் ஒரு தூண்டில் போடணும். இல்லாத படம் ஒண்ணுக்குச் சட்டுனு ஒரு பேர் சொல்லுங்க."

அண்ணி யோசிக்கவே இல்லை. "மாடியில் ஒரு முதலை."

"காதல் படமா?"

"முதலையை யாரு காதலிக்கப் போறா? சரி, காதல் படம்னே வச்சுக்க."

வைத்தியரின் போனிலிருந்தே 'புது டிக்கெட்' என்ற பெயரில் தன்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டான் மோப்பம். பிறகு தன் போனில் எழுதினான்: "எல்லாருக்கும் வணக்கம். என்னை மிகவும் பாதித்த ஹாலிவுட் காவியம் 'மாடியில் ஒரு முதலை'. உங்கள் கருத்து?"

போனைக் கீழே வைக்குமுன் அது துள்ள ஆரம்பித்தது.

பால்கனி: "ஆஹா! எங்கே போனீர்கள் இத்தனை நாள்? நான் மனம்விட்டு அழுத ஒரே முதலை அதுதான்."

முதல் வரிசை: "முதலை நன்றாகத்தான் செய்திருந்தது. கதாநாயகன்தான் மரக்கட்டை."

ரீல் பெட்டி: "நீங்கள் பார்த்தது வெட்டிய பிரதியாக இருக்கும். முழுப் பிரதியில் முதலைக்கு ஒரு பாட்டு உண்டு."

இடைவேளை: "முதல் தடவை பார்க்கும்போது அது முதலை. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் அது தனிமை என்று புரியும்."

ஒன்ஸ்மோர்: "பாட்டு இருந்தது உண்மை. ஆனால் பாடியது முதலை இல்லை, மாடி."

இதற்குள் பாட்டைப் பற்றி ரீல் பெட்டிக்கும் ஒன்ஸ்மோருக்கும் கைகலப்பு மூண்டது. முதலை படிக்கட்டு ஏறும் காட்சியில் எந்தக் காலை முதலில் வைத்தது என்பது வரை போனது.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் சாய்ந்துவிட்டாள். "தம்பி, எனக்கே இப்ப அந்தப் படத்தைப் பாக்கணும்போல இருக்குடா!"

மோப்பம் சிரிக்கவில்லை. திரையின் அடியில் 'முற்றும்' ஏதோ எழுதுவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எழுதுவதும் அழிப்பதுமாக வெகு நேரம். கடைசியில் வந்தது ஒரே வரி.

முற்றும்: "நான் பார்க்கலை. கடைசியில என்ன ஆகும்?"

மோப்பம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஆள் மாட்டியாச்சு அண்ணி. சினிமா ரசிகன் உயிரே போனாலும் ஒரு படத்தைப் பாக்கலைன்னு ஒத்துக்க மாட்டான். இந்த ஆளு கூச்சமே இல்லாம ஒத்துக்கறாரு. அப்ப இவர் ரசிகரே இல்லை. அதோட, மத்த அஞ்சு பேரும் கருத்துச் சொல்றாங்க. இவர் ஒருத்தர்தான் முடிவு என்னன்னு கேக்கறாரு. முடிவு தெரிஞ்சவன் பேசற பேச்சு இல்லை இது. முடிவுக்காகப் பட்டினி கிடக்கறவன் பேச்சு."

"முடிவு தெரியாதவன் முடிவைச் சொல்லிடுவேன்னு எப்படி மிரட்டுவான்?"

"அதைத்தான் அவங்கிட்டயே கேக்கப்போறோம்."

"விலாசம்?"

மோப்பம், 'முற்றும்' தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கினான். இருட்டான அறை, சாய்வான ஒரு இருக்கையின் தலைப்பக்கம், மேலிருந்து விழும் ஒளிக்கற்றை. அதன் கீழே பால்கனி எழுதியிருந்தார்: "பழைய தியேட்டரின் ஆன்மாவையே பிடித்துவிட்டீர்கள்."

அண்ணி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "ஆன்மா இருக்கட்டும். எந்தத் தியேட்டர்ல சீட்டுக்குப் பக்கத்துல துப்பறதுக்குத் தொட்டி வச்சிருக்கான்?"

மோப்பம் மறுபடி பார்த்தான். இருட்டோடு இருட்டாக, இருக்கையின் இடப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு பீங்கான் தொட்டி. அதற்கு மேல் வாய் கொப்பளிக்கும் தண்ணீர்க் குழாய்.

"அண்ணி, வண்டியை எடுங்க!"

"நீ எடு. எனக்கு எப்படி ஓட்டறதுன்னு தெரியும். உனக்குத்தான் தெரியாது."

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் குற்றவாளியைத் துரத்துவது தனிக்கலை. கூரையில் பலகை. ஓட்டுபவன் மோப்பம், பக்கத்தில் இன்னொரு பிரேக்கோடு அண்ணி. அவன் வேகம் எடுக்கும்போதெல்லாம் அவள் அழுத்துவாள். சைக்கிளில் போன ஒருவர் இவர்களை முந்தினார். பிறகு டீ குடிக்க நின்றார். பிறகு மறுபடி முந்தினார்.

"டாக்டர் தன் சொந்த நாற்காலியையே எப்படிக் கண்டுபிடிக்காம போனார்?" அண்ணி கேட்டாள். "கண்ணாடியைப் பாரு. பின்னாடி பஸ்."

"டாக்டர் எப்பவும் நாற்காலிக்கு வலப்பக்கம் நிக்கறவர். இந்தப் படம் இடப்பக்கத்துலேர்ந்து எடுத்தது. அந்தப் பக்கத்துலேர்ந்து அவர் தன் நாற்காலியை ஒருநாளும் பாத்திருக்க மாட்டார். அங்க நின்னுக்கிட்டு எச்சில் உறிஞ்சற குழாயைப் பிடிக்கறவங்க ஒருத்தர்தான் உண்டு."

"நர்ஸ்!" என்று கூவிய அண்ணி ஆவேசத்தில் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த பஸ்காரர் அவர்கள் இருவருக்கும் தெரியாத சில வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

கிளினிக்கில் நுழைந்தபோது ஏழு மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நாற்காலியில் மல்லாந்திருந்தவர் நீதிபதி. வாய் மூடாமலிருக்கப் பற்களுக்கு நடுவே ரப்பர் கட்டை. வாழ்நாள் பூராவும் இவர் வாய் திறக்கமாட்டாரா என்று ஊரே காத்துக்கிடந்த வாய் அது. இப்போது அகலத் திறந்திருந்தது, ஒரு சொல்லும் வெளியே வர வழியில்லை. வலப்பக்கம் காதில் பஞ்சோடு வைத்தியர், பல்லைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை என்ற தீர்மானத்தோடு குனிந்திருந்தார். இடப்பக்கம் உறிஞ்சு குழாயோடு நர்ஸ். நடுத்தர வயது. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையங்கள். வெள்ளை அங்கிப் பையில் ஒரு போன்.

வைத்தியர் வேலை செய்துகொண்டே யாருக்கும் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார். "கவனிங்க சார்! ஆறாவது விருந்தாளி நொண்டி! நொண்டிக்கு ஒரு கையில தடி, இன்னொரு கையில பெட்டி! அப்ப குடையை எந்தக் கையில பிடிப்பான்?"

மோப்பம் நர்ஸ் நின்ற பக்கமாக வந்து நின்றான். வைத்தியரின் காதில்தான் பஞ்சு இருக்கிறதே, குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை.

"வணக்கம், முற்றும்."

நர்ஸ் கையிலிருந்த குழாய் நழுவி நீதிபதியின் மீசையைக் கவ்விக்கொண்டது. "ஆ!" என்றார் நீதிபதி.

"நான்... நான் ஒண்ணும்..."

"நீதிபதி முன்னாடி பொய் சொல்லாதே," என்றாள் அண்ணி. "முதல்ல அவர் மீசையை விடு."

நர்ஸ் மீசையை விடுவித்தாள். நீதிபதியின் திறந்த வாய்க்கு மேலே, வைத்தியருக்கு ஒரு முழம் தள்ளி, வாக்குமூலம் பொலபொலவென்று கொட்டியது.

"நான் இந்தக் கிளினிக்குல சேர்ந்த நாள்லேர்ந்து இதே கதைதான் சார். காலையில முதல் ஆளு வாயைத் திறந்ததும் ஆரம்பிப்பார். ராத்திரி கடைசி ஆளு வாயை மூடற வரைக்கும். அவங்களுக்கு ஒரு தடவை. எனக்கு நாள் முழுக்க. சமையல்காரி செஞ்சிருப்பாளோ, தோட்டக்காரன் செஞ்சிருப்பானோ... தூக்கத்துல குடை சொட்டற சத்தம் கேக்குது சார்! என் வீட்டுக்காரர் குழாய் ஒழுகுதுன்னு ஆளைக் கூட்டிட்டு வந்து பாத்தார். ஒரு குழாயும் ஒழுகலை."

"அதனால டாக்டரைப் பழிவாங்கலாம்னு..."

"ஐயோ, பழியா? அவர் தங்கமான மனுஷர். எனக்கு முடிவு தெரியணும். அவ்வளவுதான்! தெரிஞ்சா நான் நிம்மதியாத் தூங்கிடுவேன். அந்தக் குழுவுல அஞ்சு பேருக்குத் தெரியும்னு சொன்னாரே. தனித்தனியாக் கேட்டேன். ஒருத்தரும் சொல்லலை. அப்பத்தான் தோணுச்சு. நான் சொல்லிடப்போறேன்னு மிரட்டினா, யாராவது ஒருத்தர் பதறி அடிச்சிக்கிட்டு, 'தயவுசெஞ்சு அது இன்னார்தான்னு சொல்லிடாதீங்க'ன்னு எனக்கு எழுதுவாங்க. எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும். அதோட விட்டுடலாம்னு இருந்தேன்."

மோப்பம் மரியாதையோடு அவளைப் பார்த்தான். இத்தனை நாள் தொழிலில் இப்படி ஒரு யோசனை அவனுக்கே வந்ததில்லை.

"எழுதினாங்களா?"

"எழுதினாங்க." நர்ஸ் போனை எடுத்து நீட்டினாள். "அஞ்சு பேரும் எழுதினாங்க."

மோப்பம் படித்தான். பால்கனி: "வணக்கம். நாளை எல்லாருக்கும் சொல்வதற்கு முன் எனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்ல முடியுமா? ஏற்கெனவே தெரியும், சரிபார்த்துக்கொள்ளத்தான்." முதல் வரிசை: "பார்த்து வெகு நாள் ஆகிவிட்டது, லேசாக மறந்துவிட்டது." ரீல் பெட்டி: "நான் பார்த்த பிரதியில் கடைசிப் பகுதி இல்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்." இடைவேளை: "நான் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு ஊர் திரும்ப அதுதான் கடைசி பஸ்." ஒன்ஸ்மோர்: "சொல்லுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"அடப்பாவிகளா!" என்றாள் அண்ணி. "ஒருத்தனுக்கும் தெரியாதா?"

"ஒருத்தனுக்கும் தெரியாது," என்றான் மோப்பம். "ஒவ்வொருத்தனும், மத்த நாலு பேருக்குத் தெரியும்னு நம்பிக்கிட்டு, தனக்கும் தெரிஞ்ச மாதிரி இத்தனை நாள் சிரிச்சிட்டிருந்திருக்கான்."

"ஆ... ஆஆ..." என்றார் நீதிபதி. கையைத் தூக்கி எதையோ சொல்ல முயன்றார்.

"துப்பணுமா ஐயா? இருங்க, வந்திடறேன்," என்றாள் நர்ஸ்.

"தடியை வச்சுட்டுத்தான் குடையைப் பிடிக்கணும்!" வைத்தியர் கத்தினார். "தடியை வச்சா விழுந்துடுவான்! விழுந்தவன் எப்படி மாடி ஏறுவான்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது சார்!"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இப்ப நான் என்ன செய்யறது? ஏழு மணிக்கு ஒண்ணும் போடாம விட்டா இவர் பஞ்சை எடுக்கவே மாட்டார். நாளைக்கும் நல்ல பல்லைப் பிடுங்குவார். நான்தான் செஞ்சேன்னு சொன்னா, இவர் மனசு உடைஞ்சிடும். எனக்கு வேலையும் போயிடும்."

மோப்பம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். குழுவைப் பார்த்தான். முதலையின் வலதுகால், இடதுகால் சண்டை இன்னும் ஓயவில்லை.

"போட்டுடுங்க," என்றான்.

"என்னத்தைப் போடறது? எனக்குத்தான் தெரியாதே!"

"வாய்க்கு வந்ததைப் போடுங்க. இந்த அஞ்சு பேரைப் பத்தி ஒண்ணு எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னொருத்தர் சொன்னதைச் சரின்னு சொல்றதைவிட இவங்க தூக்குல தொங்கிடுவாங்க."

ஏழு மணி. நர்ஸ் ஒரு கையால் நீதிபதியின் எச்சிலை உறிஞ்சிக்கொண்டே மறு கையால் எழுதினாள்: "ஏழாவது குடை, செத்துப்போனவருடையதே. முற்றும்."

குழுவில் மடை திறந்தது.

"அபத்தம்! அது சமையல்காரியுடையது. நான் என் கண்ணால் பார்த்தேன்," என்றார் பால்கனி.

"சமையல்காரியா? படத்தைப் பார்த்தீரா, சுவரொட்டியைப் பார்த்தீரா? அது போலீஸ்காரர் கொண்டுவந்த குடை," என்றார் முதல் வரிசை.

"முழுப் பிரதியில் அது குடையே இல்லை. மடக்கி வைத்த கைத்தடி," என்றார் ரீல் பெட்டி.

"ஏழாவது குடை என்று ஒன்று இல்லவே இல்லை. நம்மை எண்ண வைத்ததுதான் படத்தின் தத்துவம்," என்றார் இடைவேளை.

"மழையே பெய்யவில்லை," என்றார் ஒன்ஸ்மோர்.

அண்ணி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் வைத்தியரின் காதுப் பஞ்சை இரண்டு விரலால் பிடுங்கினாள். வைத்தியர் "வேண்டாம், வேண்டாம்" என்று கண்ணை மூடிக் கொண்டார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட எல்லாரும் சொன்ன அதே வார்த்தை. அவர் காட்டிய அதே இரக்கத்தோடு அண்ணி அவர் காதருகே ஆறு முடிவுகளையும் ஒரே மூச்சில் படித்தாள்.

வைத்தியரின் ஒரு கண் மெல்லத் திறந்தது. பிறகு இன்னொன்று.

"ஆறு முடிவா?"

"ஆறு."

"ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே?"

"ஒட்டவே இல்லை," என்றான் மோப்பம்.

வைத்தியர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். "புரியுது சார். எனக்குப் புரியுது. அந்த முற்றும் உண்மையைச் சொல்லியிருக்கான். என் நண்பர்கள் அஞ்சு பேரும் சேர்ந்து அதை மூடி மறைக்க ஆளுக்கு ஒரு பொய்யை அவிழ்த்து விட்டிருக்காங்க! எது நிஜம்னு எனக்குத் தெரியவே கூடாதுன்னு! எனக்காக!" அவர் குலுங்கி அழுதார். "அவங்க வாயில பொய்யே வராது சார்."

மோப்பம் கூரையைப் பார்த்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வாய் கொப்பளிக்கும் தொட்டியின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அது மட்டுமா! கைத்தடி! மழையே பெய்யலை! இந்தக் கோணத்துல நான் யோசிச்சதே இல்லையே! இன்னும் பத்து வருஷத்துக்குப் போதும்!" என்றபடி வைத்தியர் உற்சாகத்தில் நீதிபதியின் ரப்பர் கட்டையை எடுத்தார்.

நர்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பத்து வருஷம்.

நீதிபதி தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துச் சரி செய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். மன்றத்தை அமைதிப்படுத்துகிற செருமல் அது.

"இரண்டு தரப்பையும் கேட்டேன்," என்றார். "சொல்லத்தான் விடலை. நான் அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பாத்தவன். ரெண்டு தடவை. அந்த ஏழாவது குடை..."

வைத்தியரின் கை இவ்வளவு வேகமாகப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் கட்டை திரும்பவும் உள்ளே. அடுத்த நொடி ஊசி.

"கொஞ்சம் மரத்துப் போகும் ஐயா," என்றார் வைத்தியர் மூச்சிரைக்க. "நாக்கும் சேத்து."

மரத்துத்தான் போனது. பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பும்போது, நீதிபதியின் தீர்ப்பு "ழு... ழூ..." என்ற அளவில் நின்றது. நர்ஸ் அவர் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு நடத்திப் போனாள். அவரை பெஞ்சில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். ரயிலுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே அடுத்த ஆள் நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தார். "குடை இல்லை, கைத்தடின்னு வச்சுக்குவோம்," என்று வைத்தியர் தொடங்கினார். மோப்பமும் அண்ணியும் சன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தபடி நின்றார்கள். நீதிபதி உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு குனிந்து, நர்ஸின் காதில் ஏதோ சொன்னார். நாலைந்து சொல் இருக்கும்.

நர்ஸின் முகத்தில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெஞ்ச் ஆட ஆடச் சிரித்தாள்.

அவள் உள்ளே வந்து தன் இடத்தில் நின்று குழாயை எடுத்தபோது, வைத்தியர் கைத்தடியை விட்டு மழைக்கு வந்திருந்தார்.

"மழையே பெய்யலைன்னா குடை எப்படி நனைஞ்சுது? சொல்லும்மா!" அவளைப் பார்த்தவர் நின்றார். "ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

அவள் வாய் திறந்தது. நாலைந்து சொல் போதும், அந்த அறையில் இனி ஒருநாளும் குடைப் பேச்சு இருக்காது.

நர்ஸ் வைத்தியரின் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட பையன் மாதிரி இருந்தது அந்த முகம்.

"ஒண்ணுமில்லை டாக்டர்," என்றாள். "அதானே, எப்படி நனைஞ்சுது? நீங்க சொல்லுங்க."

வைத்தியர் சொல்ல ஆரம்பித்தார். அவள் தலையாட்டிக் கேட்டாள். ஒவ்வொரு தப்பான ஊகத்துக்கும் அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

வேலை முடிந்து அவள் முன்னறைக்கு வந்ததும் அண்ணி மறித்தாள். "எங்கிட்ட மட்டும் சொல்லிடும்மா. நான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறவ. எங்கிட்ட வர்றவங்க பயத்துல சொன்ன எத்தனையோ ரகசியம் என் வயித்துல இருக்கு."

"மாட்டேன்க்கா."

"நேத்து ஊருக்கே சொல்லிடுவேன்னியே!"

"நேத்து எனக்குத் தெரியாதுக்கா. அதனால சொல்லிடுவேன்னேன். இப்பத் தெரியும். எப்படிச் சொல்றது?"

மோப்பம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்குச் சினிமா பிடிக்காது, பிடித்ததும் இல்லை. மாளிகைக்காரரை யார் கொன்றால் என்ன? வழக்கு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எனக்கு நாளைக்கு ஒரு டோக்கன் போடுங்க," என்றான். "நீங்க பக்கத்துல நிக்கற நேரமா."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பல்லு சார்?"

"உங்களுக்கு எது வசதியோ, அது."